டீசலில் எதைக் கலந்தால் கரி குறையும்? பயோடீசல், எத்தனால், எச்விஓ

பயோடீசல் (தாவர எண்ணெய், கொழுப்பிலிருந்து செய்யும் எரிபொருள்) ஊற்றினால் புகையே வராது என்று யாராவது சொன்னால், வண்டி எந்தப் புகை விதிப்படி செய்தது, பழைய பிஎஸ்4-ஆ புதிய பிஎஸ்6-ஆ என்றுதான் முதலில் கேட்பேன். பழைய இன்ஜினில் எரிந்ததெல்லாம் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே வந்துவிடும். பிஎஸ்6-இல் நடுவே டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது, எதை ஊற்றினாலும் கரியில் பெரும்பங்கை அது பிடித்துக்கொள்ளும்.

பழைய இன்ஜினில் பயோடீசல் நிஜமாகவே வேலை செய்கிறது. இன்ஜெக்டர் பீய்ச்சும் தாரையின் நடுவில் காற்று போதாத இடத்தில்தான் கரி பிறக்கிறது. பயோடீசல் தன் எடையில் சுமார் 11% ஆக்சிஜனைக் கையோடு கொண்டுவருகிறது, கரிக்கு விதையாகும் அரோமேட்டிக் சேர்மங்களும் அதில் கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2002 அறிக்கைப்படி 20% கலவையில் துகள் எடை சுமார் 10% குறைந்தது, முழு பயோடீசலில் கிட்டத்தட்ட பாதி. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 20% கலவையில் 2% கூடியது. இதெல்லாம் எடைக் கணக்கு. கரித்துகள் பொடிசாகிவிட்டால் எடை குறைந்தும் எண்ணிக்கை குறையாமல் போகலாம், நுரையீரலின் ஆழம்வரை போவது அந்தப் பொடிசுதான். பிஎஸ்6 டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது அதனால்தான்.

எங்கள் தெரு மண்டபத்து ஜெனரேட்டரில் 20% பயோடீசல் கலந்து ஊற்றிப் பார்த்தோம். புகை கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது. மறுநாள் முகூர்த்த நேரத்தில் இன்ஜின் திணறி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் கூழ்! பயோடீசல் நல்ல கரைப்பான், டேங்க் அடியில் பத்து வருடமாகப் படிந்திருந்த அழுக்கை எல்லாம் கரைத்துக் கொண்டுவந்துவிட்டது. ஃபில்டரை இரண்டு முறை மாற்றிய பிறகு தொல்லை இல்லை.

எத்தனாலில் ஆக்சிஜன் 35%, அதனால் கரியைக் குறைப்பதில் கெட்டிக்காரன். ஆனால் டீசலோடு ஒட்டாது, கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலே பிரிந்துவிடும், செட்டேன் (இன்ஜினுக்குள் எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்ளும் என்ற அளவு) அடிமட்டம், போதாக்குறைக்கு நம்மூர் வெயிலில் டேங்குக்குள் எளிதில் தீப்பிடிக்கும் ஆவி. 10% எத்தனால் முயற்சி பலிக்கவில்லை, அடுத்து ஐசோபியூட்டனாலைச் சோதிக்கிறோம் என்று 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார். ஐசோபியூட்டனால் டீசலோடு சமர்த்தாகக் கலக்கும், செட்டேன் குறைதான்.

சரி, எச்விஓ. தாவர எண்ணெய், பழைய பொரித்த எண்ணெய், கொழுப்பு இவற்றை ஹைட்ரஜன் கொடுத்துப் பக்குவப்படுத்தினால் கிடைப்பது. ஆக்சிஜன் கிடையாது, ஆனால் கந்தகமும் அரோமேட்டிக்கும் இல்லை, செட்டேன் 70-க்கு மேல். வடிகட்டி இல்லாத இன்ஜின்களில், கலக்காமல் ஊற்றிய பல சோதனைகளில் துகள் கால்பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. கலிபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும் பெட்ரோல் பங்க்கிலேயே ஊற்றுகிறார்கள், நம்மூர் பங்க்கில்தான் கிடைப்பதில்லை.

பிஎஸ்6 வண்டியில் கதையே வேறு. பயோடீசல் கரி கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே எரிவதால் டிபிஎஃப் சுத்தமாவது சுலபம், அது நல்லது. ஆனால் அப்படிச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாகப் பீய்ச்சும் எரிபொருளில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். டீசல் பெரும்பாலும் ஆவியாகிவிடும், கொதிநிலை கூடிய பயோடீசல் அங்கேயே தங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம், ஏறியது ஆயில் அல்ல, எரிபொருள். அப்புறம் சரியாகச் சுத்திகரிக்காத பயோடீசலில் சோடியம், பொட்டாசியம் மிச்சமிருந்தால் அது சாம்பலாகி டிபிஎஃப்பிலேயே அடைந்துகொள்ளும், கரி மாதிரி எரிந்து போகாது.

அதனால் மண்டபத்து ஜெனரேட்டரில் இன்றும் 20% தான் ஓடுகிறது. பிஎஸ்6 லாரி வைத்திருக்கும் நண்பனிடம், பெட்ரோல் பங்க் டீசலில் சட்டப்படி கலக்க அனுமதித்த 7% பயோடீசல் வரை போதும், அதற்குமேல் நீயாக எதையும் ஊற்றாதே என்று சொல்லிவிட்டேன்.