படகுத் தண்ணீருக்கு அரை மைக்ரான் கார்பன் ஃபில்டர்: வாங்கலாம், ஆனால் தொட்டியைக் கழுவும் வேலை உங்களுடையதுதான்

எங்கள் பாய்மரப் படகில் முன்பக்கப் படுக்கைக்கு அடியில் 200 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து 12 வோல்ட் பம்ப் ஒன்று சமையல் மேடைக் குழாய்க்கும் குளியலறைக்கும் தண்ணீர் தள்ளுகிறது. சமையல் மேடைக்குக் கீழே நான் பொருத்தியிருக்கும் 0.5 மைக்ரான் கார்பன் பிளாக் (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி) ஃபில்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் அதே 10 அங்குல ஹவுசிங், அதாவது ஃபில்டரின் வெளிக்கூடு. உள்ளே உருளையாக ஒரு கார்ட்ரிட்ஜ். படகுக்கென்றே தனியாகச் செய்த சின்ன ஃபில்டர்களும் கிடைக்கின்றன, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அவற்றுக்கு மாற்று கார்ட்ரிட்ஜ் அந்தந்த கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும். அடுத்த துறைமுகத்தில் அது இருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? 10 அங்குலம் என்பது பொது அளவு. யார் செய்தாலும் பொருந்தும். நான் இதை எடுத்ததற்கு முதல் காரணமே அதுதான்.

சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொட்டித் தண்ணீருக்கு வழக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் வாடை, தேங்கிய வாடை, குளோரின் நெடி எல்லாம் போய்விடுகிறது. ஃபில்டர் போடும் வரை குடிக்க மட்டும் பாட்டில் தண்ணீர் வாங்கிப் படகின் மூலை முடுக்கெல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். என் மகள் தொட்டித் தண்ணீரில் பல்கூடத் துலக்க மாட்டாள். இப்போது சமையல் மேடைக் குழாயில் நேராகப் பிடித்துக் குடிக்கிறாள். பாட்டில்கள் அடைத்திருந்த இடமும் மிச்சம், கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய குப்பையும் மிச்சம்.

சரி, அப்படியானால் வாங்கிப் பொருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது. இந்தப் பொருளின் பெரிய ஆபத்தே அந்த நல்ல சுவைதான். அடியில் வண்டலும் சுவரில் வழவழப்பும் பிடித்த தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைக்கூட கார்பன் நாக்குக்கு நன்றாக்கிக் கொடுத்துவிடும். வாடை என்பது தொட்டி நமக்குச் செய்யும் எச்சரிக்கை. ஃபில்டர் அதை மறைத்துவிடுகிறது. எத்தனையோ பேர் ஃபில்டர் போட்ட நாளிலிருந்து தொட்டி மூடியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம்.

இது எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறை 4 முதல் 6 மைக்ரான் வரை இருக்கும். ஜியார்டியா அதைவிடப் பெரியது. இரண்டும் வயிற்றைக் கெடுப்பவை, இரண்டும் அரை மைக்ரான் துளைக்குள் நுழையாது. முக்கியமாக, கிரிப்டோஸ்போரிடியத்தை நாம் தொட்டியில் போடும் அளவு குளோரின் ஒன்றும் செய்யாது. அங்கே ஃபில்டர்தான் துணை. வைரஸ்கள் கதை நேர் எதிர். அவை 0.1 மைக்ரானுக்கும் சிறியவை, கார்பன் பிளாக் வழியாகச் சுலபமாகப் போய்விடும். ஆனால் குளோரினிடம் நிற்காது. பாக்டீரியா இரண்டுக்கும் நடுவில்: சில மாட்டும், சில தப்பும், மாட்டியவை கார்பனுக்குள்ளேயே பெருகவும் செய்யும். ஆக, ஒன்று விடுவதை மற்றது பிடிக்கிறது. ஃபில்டர் இருக்கிறதே என்று குளோரினை நிறுத்துபவரும், குளோரின் போடுகிறோமே என்று ஃபில்டர் வேண்டாம் என்பவரும் பாதிக் காவலோடுதான் இருக்கிறார்கள்.

பெட்டியில் '0.5 மைக்ரான்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 'நாமினல்' என்று இருந்தால் அந்த அளவுத் துகள்களில் ஒரு பகுதியைப் பிடிக்கும் என்றுதான் பொருள். 'அப்சல்யூட்' என்றால் அநேகமாக எல்லாவற்றையும் பிடிக்கும். என்எஸ்எஃப் 42 என்ற தரச்சான்று குளோரின், சுவை, வாடை சம்பந்தப்பட்டது. உடல்நலம் சம்பந்தப்பட்டது என்எஸ்எஃப் 53. அதிலும் 'சிஸ்ட்' (ஒட்டுண்ணியின் உறை) குறைப்புக்கு என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். நான் முதலில் கையில் எடுத்துப் பார்த்த மலிவான கார்ட்ரிட்ஜ்களில் 42 மட்டும்தான் இருந்தது. ஒட்டுண்ணிக்காக வாங்குகிறோம் என்றால் அது போதாது.

எங்கே பொருத்துவது என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. கரைக் குழாயிலிருந்து தொட்டிக்கு நிரப்பும் ஹோஸிலேயே கார்பன் ஃபில்டரை மாட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 'சுத்தமான தண்ணீரே உள்ளே போகட்டும்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஊர்க் குழாயில் இருந்த குளோரினை அங்கேயே பிடுங்கிவிட்டு, காவலில்லாத தண்ணீரை வெதுவெதுப்பான இருட்டுத் தொட்டியில் நாள் கணக்கில் தேக்கி வைக்கிறோம். கார்பன் கடைசியில் இருக்க வேண்டும், குடிக்கும் குழாய்க்கு முன்னால். நிரப்பும் ஹோஸில் வேண்டுமானால் மண்ணும் துருவும் பிடிக்கும் 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர் போடுங்கள். அது குளோரினைத் தொடாது.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஃபில்டர் மதிப்புரையில் இது எதற்கு என்று கேட்பவர்கள்தான் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சீசன் தொடக்கத்திலும், படகு வெகுநாள் சும்மா கிடந்த பிறகும், தொட்டியைக் காலி செய்து பார்வை மூடியைத் திறந்து கையால் துடைக்கிறேன். உள்ளே தடுப்புச் சுவர்கள் இருந்தால் அவற்றின் பின்பக்கத்தையும் விடக் கூடாது, அந்த வழவழப்பான கிருமிப் படலம் ஒளிவது அங்கேதான். அப்புறம் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, வெறும் ஹவுசிங்கை மூடி, தொட்டியை நிரப்பி ப்ளீச் கலக்குகிறேன். வாசனை இல்லாத, கெட்டியாக்கும் பொருள் சேர்க்காத ப்ளீச் மட்டும். கணக்கு சுலபம்: 5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி, அதாவது 100 லிட்டருக்கு 100 மில்லி. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். ஒவ்வொரு குழாயையும் குளோரின் நெடி வரும் வரை திறந்துவிட வேண்டும்: வெந்நீர்ப் பக்கம், டெக் ஷவர், மறந்துபோகும் எல்லா முனையும். படலம் தொட்டியை விட ஹோஸ்களில்தான் அதிகம் பிடிக்கும். நான்கு மணி நேரம் விட்டு, வடித்து, நெடி போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுகிறேன். அலுமினியத் தொட்டியை குளோரின் அரிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் நீண்ட நேரம் நின்றால் குழி விழும். ஆகவே இரவு முழுக்க ஊற விடும் பழக்கம் வேண்டாம். உப்புப் படிவை நீக்க வினிகரோ சிட்ரிக் அமிலமோ பயன்படுத்துபவர்கள் அதை முழுக்க அலசிய பிறகே ப்ளீச்சைத் தொட வேண்டும். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய படகுக்குள் அது உயிருக்கே ஆபத்து.

அன்றாடம் நிரப்பும்போது, ஊர்த் தண்ணீரில் குளோரின் இல்லையென்றால், 100 லிட்டருக்கு அதே ப்ளீச் 4 மில்லி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதிகபட்சம் 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. கலந்து அரை மணி நேரம் கழித்தும் குறைந்தது 0.5 மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் அந்தக் கலங்கலிலேயே செலவாகிவிடும், எனவே முதலில் தெளிய வைக்க வேண்டும். ப்ளீச் வெயிலிலும் நாள்பட்டும் வீரியம் இழக்கும் என்பதால் நீண்ட பயணத்துக்கு, தண்ணீரில் கரைந்து குளோரின் தரும் என்ஏடிசிசி மாத்திரைகள் வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஃபில்டரை நான் விரும்பத் தொடங்கியது குளோரின் சோதனைப் பட்டைகள் வாங்கிய பிறகுதான். குளியலறைக் குழாயில் ஃபில்டர் இல்லை, அங்கே குளோரின் தெரிய வேண்டும். சமையல் குழாயில் பூஜ்யம் காட்ட வேண்டும். குளியலறையிலும் பூஜ்யம் என்றால் தொட்டி காவலை இழந்துவிட்டது. சமையல் குழாயில் நிறம் ஏறினால் கார்பன் தீர்ந்துவிட்டது. இரண்டு பட்டைகளில் முழு அமைப்பின் நிலையும் கைக்கு வந்துவிடுகிறது. இருந்தாலும் பட்டை நன்றாகக் காட்டுகிறது என்று கார்ட்ரிட்ஜை இழுத்தடிப்பதில்லை. பெட்டியில் சொன்ன காலமோ லிட்டரோ, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. ஓட்டம் மெலிந்துவிடுகிறது. பெரிய பாத்திரம் நிரப்ப நேரம் ஆகும். அதைவிடத் தொல்லை, குழாய் மெதுவாக ஓடும்போது பம்ப் 'டக், டக்' என்று நின்று நின்று இயங்குவது. இரவில் ஒருவர் தண்ணீர் பிடித்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். பம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அழுத்தத் தொட்டி வைத்ததும் சரியானது. குடிக்க மட்டும் ஒரு தனிச் சிறு குழாய் போட்டால் கார்ட்ரிட்ஜும் நீடிக்கும், பாத்திரம் கழுவும் வேகமும் குறையாது. ஹவுசிங்கைக் கழற்றக் கீழே கை நுழைய இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும். படகு அலமாரிகளில் அந்த இடம் சுலபத்தில் கிடைக்காது. ஹவுசிங் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் குடிநீருக்கேற்ற சிலிகான் கிரீஸ் தடவுங்கள். புது கார்ட்ரிட்ஜ் முதலில் கரித்தூளோடு கறுப்பாக விடும், சில லிட்டர் ஓட்டிக் கொட்டினால் தெளியும்.

உப்பை இது எடுக்காது. டெக்கில் தண்ணீர் நிரப்பும் வாயின் மூடி ரப்பர் தேய்ந்து கடல் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கியிருந்தால் எந்த கார்பனும் உதவாது, ரப்பரைத்தான் மாற்ற வேண்டும். தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் பூச்சி நுழையாத வலை இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹீட்டரை அரிப்பிலிருந்து காக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியத் தண்டும் அங்கே பெருகும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. குளிர்நீர்ப் பாதையில் இருக்கும் ஃபில்டருக்கு அதில் பங்கில்லை.

கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பப் பொருள் அல்ல, கட்டாயம். அந்த இயந்திரத்தில் உப்பைப் பிரிக்கும் சவ்வை குளோரின் கெடுத்துவிடும். தொட்டித் தண்ணீரால் சவ்வை அலசும் பாதையில் கார்பன் இல்லாமல் இயக்கவே கூடாது.

படகை மாதக்கணக்கில் விட்டுச் செல்பவர்கள் கிளம்பும் முன் கார்ட்ரிட்ஜைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹவுசிங்கைத் துடைத்து உலர்த்தித் திறந்தே வையுங்கள். ஈரத்தோடு இருட்டில் கிடந்த கார்ட்ரிட்ஜ் பாக்டீரியா வளரும் இடமாகிவிடும். எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதைத் திரும்பப் போட்டுக் குடிக்க வேண்டாம். உறை பிரிக்காத ஒன்றை அலமாரியில் தயாராக வைத்துவிட்டுப் போங்கள்.