ரூட் நிறைந்தால் என்ன செய்வீர்கள்? சாதா பார்ட்டிஷனும் எல்விஎம்மும்

வீட்டு லினக்ஸ் சர்வருக்குப் புது எஸ்எஸ்டி போட்டபோது எல்விஎம் (டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் லினக்ஸ் வசதி) பக்கம் தாவிவிட்டேன். அதற்கு முன் ஐந்து வருடம் சாதா பார்ட்டிஷன்தான், அதாவது டிஸ்க்கை நிலையான பகுதிகளாக வெட்டி வைப்பது. பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு ராத்திரியைத் தவிர.

அன்று ரூட், அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன், 98 சதவீதம் நிறைந்திருந்தது. டாக்கர் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) இமேஜ்கள் தின்று தீர்த்திருந்தன. டிஸ்க்கின் கடைசியில் 60 ஜிபி சும்மா கிடந்தது. ஆனால் நடுவில் 8 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) குறுக்கே படுத்திருந்தது. பார்ட்டிஷன், தன் வாலை ஒட்டியிருக்கும் காலி இடத்துக்குள்தான் நீளும். ஸ்வாப்பை அணைத்து, அழித்து, ரூட்டை நீட்டி, கடைசியில் புது ஸ்வாப் உண்டாக்கி, எஃப்எஸ்டேப்பில் (பூட்டில் எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) அதன் அடையாள எண்ணான யூயூஐடியை மாற்றினேன். ஸ்வாப் என்பதால் தப்பித்தேன். அந்த இடத்தில் ஹோம் (பயனர் ஃபைல்கள் இருக்கும் பார்ட்டிஷன்) இருந்திருந்தால் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் அதை மொத்தமாக நகர்த்தியிருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான்.

எல்விஎம்முக்கு இந்த அக்கம்பக்கச் சண்டையே இல்லை. டிஸ்க்கை வழக்கமாக 4 எம்பி துண்டுகளாகப் பார்க்கிறது. எந்த மூலையில் கிடக்கும் துண்டையும் வால்யூமில் (எல்விஎம்மில் பார்ட்டிஷனுக்குப் பதிலாக இருப்பது) கோர்த்துவிடும். வால்யூமை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையோடு 'மைனஸ் ஆர்' சேர்த்தால், ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமும் கூடவே நீளும். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற இரண்டு ஃபைல் சிஸ்டங்களுமே மவுண்ட்டில், அதாவது பயன்பாட்டில், இருக்கும்போதே வளரும். டாக்கரை நிறுத்தக்கூட வேண்டியதில்லை.

சுருக்குவதுதான் வேறு கதை. அதில் எல்விஎம் காப்பாற்றாது. இஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்து முதலில் ஃபைல் சிஸ்டம், அப்புறம் வால்யூம் என்ற வரிசையில் சுருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் டேட்டா போச்சு. ரெட் ஹேட் லினக்ஸ் 7-லிருந்து டிஃபால்ட்டாக வரும் எக்ஸ்எஃப்எஸ்ஸில் சுருக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம்: பேக்கப் எடு, அழி, புதிதாக உண்டாக்கு. அதனால் ஆரம்பத்தில் கஞ்சத்தனமாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வால்யூம் குரூப்பிலேயே (வால்யூம்களுக்கு இடம் கொடுக்கும் பொதுத் தொகுப்பு) விட்டு வைக்கிறேன். உபுண்டு சர்வரின் இன்ஸ்டாலரும் இதைத்தான் செய்கிறது. 100 ஜிபி டிஸ்க்கில் பாதிதான் தெரிகிறது என்று பதறுகிறவர்கள் விஜிஎஸ் கட்டளையை அடித்துப் பாருங்கள், மீதி அங்கே இருக்கும்.

எல்விஎம்மின் ஸ்னாப்ஷாட்டை (வால்யூமின் அந்த நேரத்து நகல்) அப்கிரேடுக்கு முன் மூன்று நான்கு முறைதான் எடுத்திருக்கிறேன், ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பும் நிலை வரவில்லை. அதனால் அதை நம்பி எல்விஎம்முக்கு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு டிஸ்க்கை மிரர் (இரண்டிலும் ஒரே டேட்டா) இல்லாமல் ஒரே வால்யூமாக நீட்டுவதும் வேண்டாம். ஒன்று செத்தால் மற்றதும் கூடவே போகும்.

ஒரே டிஸ்க், ரூட்தான் கடைசி பார்ட்டிஷன், அதுவும் கிளவுட் விஎம் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) என்றால் சாதா பார்ட்டிஷனே போதும். டிஸ்க்கைப் பெரிதாக்கி ரீபூட் செய்தால் பெரும்பாலான இமேஜ்களில் பூட்டில் ஓடும் கிளவுட்-இனிட் என்ற நிரல் தானே நீட்டிவிடும்.