லிங்கின் பார்க் திரும்பி வந்த பாட்டு: 'தி எம்ப்டினஸ் மெஷின்'

இந்தப் பாட்டில் முதல் ஒரு நிமிஷத்துக்குப் புதுப் பாடகியின் குரலே வராது. எனக்குச் சொல்ல இருப்பதில் பாதி அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்க ராக் இசைக்குழுவான லிங்கின் பார்க்கின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலை 20 அன்று, 41 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த அக்டோபரில் ஹாலிவுட் பௌலில் அவருக்கு ஓர் அஞ்சலிக் கச்சேரி நடத்திவிட்டு இசைக்குழு மேடையை விட்டு விலகியது. நடுவில் 2020லும் 2023லும் 2024 தொடக்கத்திலும் செஸ்டர் பாடி வெளிவராமல் கிடந்த பழைய பதிவுகளிலிருந்து பாட்டு வெளியிட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் 2024 செப்டம்பர் 5 அன்று ஒரு நேரலைக் கச்சேரி, அதே நாளில் இந்தப் பாட்டு, கூடவே 'ஃப்ரம் ஜீரோ' என்ற ஆல்பம் நவம்பரில் வருகிறது என்ற அறிவிப்பு. டெட் சாரா குழுவின் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடகியாகவும், காலின் பிரிட்டன் டிரம்ஸிலும் சேர்ந்திருந்தார்கள். பழைய டிரம்மர் ராப் போர்டன் திரும்பவில்லை.

இனி பாட்டு. கிடார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு) ஒன்று எழும்ப, குழுவில் வழக்கமாக ராப் செய்கிற மைக் ஷினோடா ஆரம்பிக்கிறார். ராப் இல்லை, பாடுகிறார், அதுவும் குரலை அடக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் நடந்ததைச் சொல்வது மாதிரி. முதல் வெர்ஸ் (நம் சரணம் மாதிரி) முடிந்து கோரஸும் (பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதி) முழுசாக அவர் குரலிலேயே வந்து போகிறது. அதற்குள் மெட்டு நமக்குப் பிடிபட்டுவிடும், அடுத்து கோரஸ் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும், இது லிங்கின் பார்க் பாட்டுதான் என்று காது ஒத்துக்கொண்டுவிடும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வெர்ஸில் எமிலி வருகிறார். ஏழு வருஷமாக எல்லோரும் 'அந்த இடத்துக்கு யார்?' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவரை முதல் வரியிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் கேட்பவர்கள் பாட்டை விட்டுவிட்டு அவர் குரலைத்தான் எடைபோட்டுக்கொண்டிருப்பார்கள். மைக் தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டு அந்தச் சுமையை வாங்கிக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எமிலி நுழையும்போது கத்திக்கொண்டு வருவதில்லை. லேசான கரகரப்போடு, கிட்டத்தட்ட நிதானமாக ஆரம்பித்து, வெர்ஸ் முடிவதற்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறார். அடுத்து அதே கோரஸ், அதே மெட்டு, அதே வரிகள். ஆனால் மைக் தொட்டுவிட்டு இறங்கிய உச்சத்தை இவர் பிடித்து நிறுத்துகிறார், குரல் விளிம்பில் கிழிகிறது, ஆனாலும் சுருதி நகர்வதில்லை. மைக் பாடும்போது ஏமாந்துபோனவனின் வருத்தமாகக் கேட்ட வரி, எமிலி பாடும்போது ஏமாற்றியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியாக மாறிவிடுகிறது. ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

குறையும் இருக்கிறது. கடைசி கோரஸுக்கு முன்னால் வரும் பிரிட்ஜ் பகுதி புதிதாக எங்கும் போகவில்லை. ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன் என்கிற கருத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றிக்கொண்டே போகிறார்கள், ஏறி முடிந்ததும் பழையபடி கோரஸ். மொத்தம் 3 நிமிஷம் 10 விநாடிதான். இந்தக் குழுவின் அடையாளமே ராப்பும் பாட்டும் மாறி மாறி மோதுவதுதான், அந்த மோதல் இதில் இல்லை. குழுவின் டிஜே ஜோ ஹானின் கைவேலையையும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பயந்து பயந்து போட்ட பாட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்த பாதையில் போட்ட பாட்டு.

வரவேற்பைப் பொறுத்தவரை, எண்ணிக்கையில் சந்தேகமே இல்லை. பிரிட்டன் பட்டியலில் 4ஆம் இடம், 'இன் தி எண்ட்', 'நம்ப்' போன்ற பழைய வெற்றிப் பாட்டுகளின் காலத்தில்கூட அங்கே இந்த உயரத்தை இவர்கள் தொட்டதில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100இல் 21. ஆனால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பேரை மாற்றிக்கொண்டு வந்திருக்கலாமே என்று ஒரு தரப்பு. அந்த வலி எனக்குப் புரிகிறது, செஸ்டர் குரலைப் பிடித்துக்கொண்டு மோசமான வருஷங்களைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் இந்தக் குழுவின் பாட்டுகளை எழுதி, ஒலியைக் கட்டியதில் பெரும் பங்கு மைக்குடையது. அவரும், பழைய உறுப்பினர்களான பிராட் டெல்சனும் ஃபீனிக்ஸும் ஹானும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விமர்சனம் வேறு மாதிரி. பாலியல் வன்முறை வழக்கில் சிக்கிய ஒரு நடிகருக்கு ஆதரவாக எமிலி முன்பு நீதிமன்றம் போனது அந்த வாரமே வெளியே பேசப்பட்டது. அந்த நடிகர் பிற்பாடு குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனவர். ஆரம்பக்கட்ட விசாரணை ஒன்றுக்குத் தான் போனதாகவும், போயிருக்கக் கூடாது என்று சீக்கிரமே உணர்ந்ததாகவும், அவரைத் தவறாகக் கணித்துவிட்டதாகவும் எமிலி சொன்னார். அது போதுமா என்பதை அவரவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்தக் காரணத்துக்காகக் கேட்க மாட்டேன் என்பவர்களிடம் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'செஸ்டர் மாதிரி இல்லை' என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது வேறு விஷயம். இல்லைதான். செஸ்டர் குரலில் மென்மையும் அலறலும் ஒரே மூச்சில் இருக்கும், எமிலியிடம் இருப்பது பழைய ராக் பாடகிகளின் முரட்டுத்தனம். நகல் எடுக்கிற ஆளைத் தேடியிருந்தால் ஊருக்கு நூறு பேர் கிடைத்திருப்பார்கள், அப்படிச் செய்யாதது நல்லது.

சரி, கேட்கலாமா? கண்டிப்பாகக் கேளுங்கள், ஸ்டூடியோ பதிவைக் கேட்டுவிட்டு அப்புறம் அந்த நேரலைக் கச்சேரியைப் பாருங்கள், அங்கேயும் முதல் பாட்டு இதுதான். இது ரொம்பச் சாதுவாக இருக்கிறது என்று தோன்றினால் அடுத்த சிங்கிளான 'ஹெவி இஸ் தி கிரௌன்' பக்கம் போங்கள். அதில் மைக் ராப் செய்கிறார், எமிலி மூச்சு முட்டுகிற அளவுக்கு நீளமாக ஒரு ஸ்க்ரீம் (அலறல்) போடுகிறார், நான் இங்கே தேடிய மோதல் முழுக்க அங்கே இருக்கிறது.