ஐடிலிங்: ஓப்பன் லூப்பா, குளோஸ்டு லூப்பா?

ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் அளவைத் திருத்திக்கொண்டே இருந்தால் அது குளோஸ்டு லூப். அட்டவணையில் எழுதிவைத்த அளவை அப்படியே கொடுத்தால் ஓப்பன் லூப். இன்ஜின் டியூன் செய்பவர்களிடையே இது தீராத வழக்கு.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றாத, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் உள்ள இன்ஜினுக்குக் குளோஸ்டு லூப்தான் சரி. கன்வெர்ட்டருக்குக் காற்று-பெட்ரோல் கலவை லாம்ப்டா 1-ஐ (பெட்ரோல் முழுதும் எரியச் சரியாகப் போதுமான காற்று) ஒட்டியே வர வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு அமைத்த அட்டவணையில் இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. அது அட்டவணைக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும்.

ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேம்ஷாஃப்டில் கதையே வேறு. ஐடிலிங்கில் கலவை முழுதாக எரியாமல், மிச்ச ஆக்சிஜன் எக்ஸாஸ்டில் போய்ச் சேர்கிறது. சென்சார் அளப்பது ஆக்சிஜனை மட்டுமே. கூடவே வந்த எரியாத பெட்ரோல் அதன் கணக்கில் சரியாக ஏறுவதில்லை. அதனால் 'லீன்' என்கிறது. ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது, எரிப்பு இன்னும் கெடுகிறது, பிளக் கரிபிடிக்கிறது. எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டு கேஸ்கட்டில் சிறு கசிவு இருந்தாலும் இதே பொய்த் தகவல்தான் வரும். இத்தகைய இன்ஜினில் ஓப்பன் லூப்பே நல்லது. மெகாஸ்குவர்ட் என்ற, நாமே டியூன் செய்யக்கூடிய ஈசியூவில் திருத்தம் தொடங்கும் ஆர்பிஎம்மை ஐடிலிங்குக்கு மேலே, 1300 அளவில் வைத்தால் போதும்.

குளோஸ்டு லூப்தான் வேண்டும் என்றால் லாம்ப்டாவின் அளவையே சொல்லும் வைட்பேண்ட் சென்சார் போடுங்கள். சாதாரண நேரோபேண்ட் சென்சார், லாம்ப்டா 1-ஐக் குறிக்கும் 0.45 வோல்ட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுதான் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. லாம்ப்டா 0.95-இல் நிற்க விரும்பும் இன்ஜினை அதை வைத்து நிறுத்தவே முடியாது.

பலர் கோட்டைவிடும் இடம் வேகம். 800 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் 150 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் எரிகிறது. கொடுத்த பெட்ரோல் எரிந்து, வெளியேறி, சென்சாரை எட்டும் முன்பே ஈசியூ அடுத்த திருத்தத்தைச் செய்தால் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடும். உடனே ஐடில் வால்வைக் கழற்றித் துடைப்பதில் பயனில்லை. திருத்தத்தின் அளவைச் சிறிதாக்கி, இடைவெளியை நீட்டுங்கள்.

என் முடிவு இது: முதலில் குளோஸ்டு லூப்பை அணைத்துவிட்டு அட்டவணையைச் சரிசெய்ய வேண்டும். அதிலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் டெட் டைம் (சிக்னல் வந்த பிறகு திறக்க ஆகும் தாமதம்) முக்கியம். ஐடிலிங்கில் இன்ஜெக்டருக்குப் போகும் பல்ஸ் 2 முதல் 3 மில்லிசெகண்டுதான். அதில் ஏறக்குறைய 1 மில்லிசெகண்டு திறப்பதற்கே போய்விடுகிறது. பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தால் இந்தத் தாமதம் கூடும். ஃபேன் ஓடத் தொடங்கியதும் கலவை லீன் ஆவது இதனால்தான். அதைச் சென்சாரின் தலையில் கட்டக் கூடாது. அட்டவணை சரியான பிறகு, ஐந்து சதவீதத்துக்கு மேல் திருத்த அனுமதிக்காமல் குளோஸ்டு லூப்பை இயக்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஹெட்லைட், ஃபேன், ஏசி மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். திருத்தம் அந்த எல்லையை முட்டி நின்றால் திரும்பவும் டெட் டைம் அட்டவணைக்கே போக வேண்டும்.