கேம் சர்வரின் நிரலை (கோட்) வெளியாரிடம் ரீஃபேக்டரிங் செய்யக் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

நானும் என் கல்லூரி நண்பனும் 2016-இலிருந்து ஒரு சின்ன ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் நடத்துகிறோம். சனிக்கிழமை இரவில் இருநூற்றைம்பது பேர் வரை ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஷிஃப்ட் முடிந்து வரும் தம்பிகள், அப்பாவும் மகனும் சேர்ந்தே ஆடும் இரண்டு மூன்று குடும்பங்கள். சந்தா கிடையாது. உடை, சவாரி மிருகம் என்று அலங்காரப் பொருட்களை விற்றுத்தான் சர்வர் வாடகை கட்டுகிறோம். இந்தக் கேமைத்தான் சென்ற ஆண்டு ஒரு ஃப்ரீலான்ஸ் டீமிடம் நம்பிக் கொடுத்து ஏமாந்தோம். அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி வேலை செய்தார்கள் என்பதை எழுதுகிறேன். அதே மாதிரி பேசுகிறவர்கள் வந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியட்டும்.

எங்கள் சர்வர் முழுக்க சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியில் எழுதியது, ஏறக்குறைய நாற்பதாயிரம் வரி. அதில் ஒரு ஃபைலில் மட்டும் ஒன்பதாயிரம் வரி இருந்தது. நடப்பது, அடிப்பது, வியாபாரம், அரட்டை, லாகின் எல்லாம் அதற்குள்ளேதான். புதிதாக ஒரு மந்திரம் சேர்க்க நாலு இடத்தில் கை வைக்க வேண்டும், ஒன்றை மறந்தால் இரவு சர்வர் விழும். இரண்டு பேருக்கும் பகலில் வேறு வேலை. அதனால் வெளியே கொடுக்க முடிவு செய்தோம்.

1,80,000 ரூபாய், பத்து வாரம் என்று பேச்சு. 1,10,000 முன்பணம். நான் கேட்டது ரீஃபேக்டரிங். 1999-இல் மார்ட்டின் ஃபவுலர் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த விளக்கம்தான் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருப்பது: வெளியே தெரியும் நடத்தை மாறாமல் உள்ளே இருக்கும் அமைப்பை மட்டும் சீர் செய்வது. சின்னச் சின்ன மாற்றமாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் ஓட்டிப் பார்த்து நகர்வது. ஃபோனில் அந்த டீமின் தலைவர் "ஆமா சார், அதேதான்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

பத்து வாரம் பன்னிரண்டாக நீண்டது. இடையில் கேட்டபோதெல்லாம் "ப்ராக்ரஸ் நல்லா போகுது சார்" என்ற ஒரே பதில். கடைசியில் வந்தது ஒரு ஜிப் ஃபைல். கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் எங்கள் கிட் களஞ்சியத்தில் பல வருட வரலாறு இருந்தது. எந்த வரி எப்போது, எதற்காக வந்தது என்று பார்க்கலாம். அவர்கள் கொடுத்ததில் ஒரே ஒரு கமிட், அதாவது ஒரே ஒரு மாற்றப் பதிவு, அதன் பெயர் "ஃபைனல்". ரீஃபேக்டரிங் செய்யாமல் ஆரம்பத்திலிருந்து திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். கோட் பார்க்க அழகாக இருந்தது, ஒவ்வொரு ஃபங்ஷனும் இருபது வரிக்குள். அதைப் பார்த்து சம்மதித்துவிட்டோம்.

புதன் இரவு பதினோரு மணிக்கு லைவ். முதல் அடி உடனே விழுந்தது. எங்கள் ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள். செந்தூரன் என்ற ஐந்தெழுத்துப் பெயர் திரையில் ஒன்பது கேள்விக்குறியாக நின்றது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடில் அந்தப் பெயர் ஒன்பது குறியீடு, ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி ஆகியிருந்தது. காரணம் இதுதான். டேபிள்களைப் புதிதாக உருவாக்கியபோது எழுத்துமுறை எது என்று அவர்கள் குறிப்பிடவில்லை. நாங்கள் வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மை.எஸ்.க்யூ.எல்.-இன் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் குறிப்பிடாமல் விட்டால் லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துமுறை வந்து உட்காரும், அதில் தமிழுக்கு இடமே இல்லை. பழைய டேட்டாவை ஏற்றும்போது டேட்டாபேஸ் எர்ரர் காட்டியிருக்கும். எர்ரர் வருகிறதே என்று, தவறான டேட்டாவை ஏற்காமல் தடுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிட்டு ஏற்றியிருக்கிறார்கள். கேள்விக்குறி ஆனதை மறுபடி எழுத்தாக்க முடியாது. பழைய பேக்கப் என்னிடம் தனியாக இருந்ததால் பெயர்கள் தப்பின.

உண்மையான அடி சனிக்கிழமை விழுந்தது. எங்கள் உலகத்தில் கருநாக வாள் மூன்றுதான் உண்டு. அதற்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைப்பார்கள். இரவு ஒன்பதரைக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மெசேஜ் போட்டான். "அண்ணா, வாளை எங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டேன். நெட் போய்ட்டு வந்துச்சு. இப்ப அவன்கிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. எடுத்துக்கோங்க, நான் ஒண்ணும் பண்ணல." அவன் சொன்னதால்தான் சந்தையைப் போய்ப் பார்த்தேன். பதினாறு கருநாக வாள் விற்பனைக்குக் கிடந்தது. பொருளை இரட்டிக்கும் இந்த வேலையை ஆட்டக்காரர்கள் டூப் என்பார்கள். கேமின் பொருளாதாரத்துக்கு இதைவிடப் பெரிய விஷம் கிடையாது. 2021 நவம்பரில் நியூ வேர்ல்ட் கேமில் தங்கம் இரட்டிக்கும் ஓட்டை தெரியவந்தபோது, அமேசான் ஆட்டக்காரர்களுக்கு இடையிலான பரிமாற்றத்தையே மொத்தமாக நிறுத்தி வைத்தது. நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். சந்தையை மூடிவிட்டு உட்கார்ந்து தேடினோம்.

இரவு இரண்டு மணி வாக்கில் என் நண்பன் பழைய ஃபைலில் ஓர் இடத்தைக் காட்டினான். லாகின் பகுதியில் ஒரு சின்ன தடை. அதற்கு மேலே அவனே எழுதிய கமெண்ட்: "இதைத் தொடாதே. எடுத்தால் பொருள் இரட்டிக்கும். 2018 தீபாவளி." புதிய கோடில் தடையும் இல்லை, கமெண்டும் இல்லை.

அந்தத் தடை எதற்கு என்றால், ஒருவர் வெளியேறியதும் அவர் பையில் இருப்பதை டேட்டாபேசில் எழுத ஒன்றிரண்டு நொடி ஆகலாம். அது எழுதி முடியுமுன் அதே பாத்திரம் மறுபடி உள்ளே வந்தால், டேட்டாபேஸ் கொடுப்பது பழைய பையை. வாளை அண்ணனிடம் கொடுத்த பிறகு நெட் அறுந்து, உடனே திரும்பி வந்தால் அண்ணன் கையிலும் வாள், உங்கள் பையிலும் வாள். பழைய கோட், முந்தைய சேவ் முடியும்வரை அந்தப் பாத்திரத்தை உள்ளே விடாது. புதிய டீம் வேகத்துக்காக சேவ் செய்வதைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது பின்னணியில் தனியே ஓடும் வேலைக்கு, மாற்றிவிட்டது. அதனால் அந்த இடைவெளி இன்னும் பெரிதானது, காவலும் போய்விட்டது. கொடுத்தவர் பையையும் வாங்கியவர் பையையும், பதிவானால் இரண்டும் பதிவாகும் இல்லையென்றால் இரண்டுமே பதிவாகாது என்ற வகையில், ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுவதையும் பிரித்து வைத்திருந்தார்கள்.

ஞாயிறு காலை அவர்களை அழைத்தேன். "சார், அது பக் இல்ல. ஸ்கோப்ல நீங்க சொல்லாத ஃபீச்சர். சரி பண்ண நாப்பதாயிரம் ஆகும்" என்றார் தலைவர். பல வருடமாக ஓடிய காவலை நீக்கிவிட்டு, அதைத் திரும்ப வைக்கக் காசு கேட்கிறார். நான் மறுத்ததும், மீதிப் பணம் வரும்வரை புதிய கோட் தங்களுடையது, அதை ஓட்டவே கூடாது என்றார். வக்கீல் ஒருவரிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நம்மிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையாக எழுதிய கோட் நமக்குச் சொந்தம். ஒப்பந்தத்துக்கு எழுதிக் கொடுக்கும் வெளியாளுடைய கோட் அப்படித் தானாக நமக்கு வராது. உரிமையை மாற்றித் தருகிறேன் என்று எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஹோஸ்டிங் கடவுச்சொல்லும் அவர்களிடம் இருந்தது. அன்றே மாற்றினோம்.

லைவ் ஆகும் முன் புதன் மாலை எடுத்து வைத்திருந்த பேக்கப்புக்கே திரும்பினோம். எல்லோருடைய நான்கு நாள் ஆட்டமும் அழிந்தது. ஒவ்வொரு கில்டின் (கேமுக்குள் சேர்ந்து ஆடும் குழு) தலைவருக்கும் தனித்தனியாக மன்னிப்பு எழுதினேன். பலர் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு கில்ட் முழுதாகவே போய்விட்டது, பதினெட்டுப் பேர். முன்பணம் திரும்ப வரவில்லை. மீதியை நாங்கள் கொடுக்கவில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், உங்கள் களஞ்சியத்திலேயே வேலை செய்யச் சொல்லுங்கள். வாராவாரம் கமிட் கண்ணில் பட வேண்டும். ஜிப்பில் தருகிறேன் என்றால் அன்றே முடித்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றுமுன், இப்போதைய சர்வர் ஒரு மணி நேரத்தில் வாங்கிய கட்டளைகளைப் பதிவு செய்து வையுங்கள். அதையே பழைய சர்வரிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டின் டேட்டாபேசையும் ஒப்பிடச் சொல்லுங்கள். டைமரையும் ராண்டம் எண்களையும் நிலைப்படுத்த வேண்டியிருக்கும், கொஞ்சம் வேலைதான். இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். வேலை தெரிந்தவர் உடனே எதிர்க்கேள்வி கேட்பார்.

இப்போது நாங்களே செய்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஒன்பதாயிரம் வரி ஃபைல் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு வந்திருக்கிறது. தீபாவளித் தடைக்கு இப்போது ஒரு டெஸ்டும் இருக்கிறது. நெட் அறுந்து திரும்பி வரும் இரண்டு ஆட்டக்காரர்களை அது உருவாக்கி, கடைசியில் வாள்களை எண்ணிப் பார்க்கும். அந்தப் பையனின் பாத்திரப் பெயரைத்தான் டெஸ்டுக்கு வைத்திருக்கிறோம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தோம்.