சம்பள உயர்வின் உண்மையான அளவைக் காட்டிய செலவுக் கணக்குச் செயலி

மூன்று வருடமாக இந்தச் செயலியில்தான் வீட்டுச் செலவை எழுதுகிறேன். வங்கிக் கணக்கோடு இணைக்கத் தேவையில்லை, கையால் பதியலாம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதில் ஒரு படம் வரும். சம்பளம் எவ்வளவு ஏறியது என்பது ஒரு கோடு, செலவு எவ்வளவு ஏறியது என்பது இன்னொரு கோடு; இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கும். சம்பளக் கோடு படிக்கட்டு மாதிரி: வருடத்துக்கு ஒரு தடவை ஏறும், அப்புறம் பன்னிரண்டு மாதம் அப்படியே படுத்துக் கிடக்கும். செலவுக் கோடு மாதாமாதம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். உயர்வு வந்த மாதம்கூட என் படிக்கட்டு அந்தக் கோட்டைத் தொடவில்லை. பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

எனக்குக் கிடைத்தது வருடம் 5 சதவீதம். அதே பொருள்களை அதே அளவில் வாங்கியும் செலவு 8 சதவீதம் ஏறியது. செயலி 1.05-ஐ 1.08-ஆல் வகுத்துக் காட்டுகிறது: வாங்கும் சக்தி சுமார் 2.8 சதவீதம் குறைவு. மூன்று வருடம் சேர்ந்தால் 8 சதவீதம். அதாவது வருடச் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்!

குறை ஒன்று உண்டு. பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையை அதுவாகக் கணக்கிடாது, நாமே போட வேண்டும். வாடகையையும் மின்கட்டணத்தையும் ஒரே தலைப்பில் அடைப்பதும் சரியில்லை.

போன வாரம் அந்தப் படத்தை அச்சடித்து மேலாளரிடம் கொடுத்தேன். வாங்கி, இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.