அரை மார்க்குக்காக வேலையை விடலாமா?

கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன மாதம் ஒரு அப்பா விடைத்தாளோடு வந்தார். வேகக் கணக்கில் மகள் அலகு எழுதவில்லை, அரை மார்க் குறைத்திருந்தேன். "பீஸ் கட்றோம்ல மிஸ்" என்றார். அதைக்கூட விட்டுவிடலாம். பிரின்சிபால் என் சிவப்புப் பேனாவையே வாங்கி, அந்த அப்பாவின் கண் முன்னாலேயே அந்த அரை மார்க்கைப் போட்டுக் கொடுத்தார், அதுதான் இன்னும் ஆறவில்லை. அன்று ராத்திரி எழுதிய ராஜினாமா கடிதம் பையிலேயே இருக்கிறது.

போவதென்றால் எங்கே? புதுச்சேரியில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி கூப்பிடுகிறது, மாதம் நாலாயிரம் கூடுதல். ஆனால் தினமும் தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி, மரப்பாலம் சிக்னலில் பஸ் நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் அந்த நாலாயிரத்தில் பாதி பஸ்ஸிலும் அலுப்பிலுமே போய்விடும். பெற்றோர் அங்கேயும் இதே ரகம்தான், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் கேட்பவர்கள் எந்த ஊரில் இல்லை? ஆனால் அங்கே வேலை பார்க்கும் தோழி ஒன்று சொன்னாள்: புகார் எதுவானாலும் டைரியில் எழுதி கோ-ஆர்டினேட்டர் வழியாகத்தான் வருமாம், வகுப்பு வாசலுக்கு யாரும் நேராக வர முடியாதாம். எனக்கு நாலாயிரத்தை விட இது பெரிது.

வீட்டில் டியூஷன் எடுக்கலாமே என்கிறார் கணவர். வேலையில் இருந்துகொண்டே எடுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு அதைத் தடுக்கிறது. விட்டுவிட்டு எடுத்தால் பெற்றோர் நேராக நம் வீட்டு ஹாலுக்கே வருவார்கள், நடுவில் கோ-ஆர்டினேட்டரும் கிடையாது. வேண்டாம் சாமி. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி அரசுப் பள்ளிக்குப் போவது நல்ல யோசனைதான், ஆனால் 150க்கு 90 எடுத்துத் தேறினாலும் அப்புறம் நியமனத் தேர்வு என்று இன்னொன்று இருக்கிறது. படிக்கலாம், அதை நம்பி இன்றைக்குக் கடிதம் கொடுக்க முடியாது.

இனி இங்கேயே இருப்பது. 2021 ஜூனில் சேர்ந்தேன், வரும் ஜூனில் ஐந்து வருடம் முடிகிறது, பொதுவாக ஐந்து முடிந்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது பள்ளி மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை. தனியார் பள்ளி ஆசிரியருக்கு அதெல்லாம் இல்லை என்று ஆபீஸில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 2009 சட்டத் திருத்தம் அதை 1997 ஏப்ரல் 3 முதலே தந்தது, பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கும் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். என் 15,000க்கு 43,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. பிஎஃப் பற்றிக் கவலையில்லை, வேலை மாறினாலும் மாறாத அதே யுஏஎன் எண்ணோடு கூடவே வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால் புதுச்சேரிக்காரர்கள் ஏப்ரலிலேயே வரச் சொல்கிறார்கள். இரண்டு மாதக் கூடுதல் எட்டாயிரத்துக்காக 43,000ஐ விட நான் தயாரில்லை. ஜூன் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

அதற்குள் திங்கட்கிழமை பிரின்சிபாலிடம் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன்: "மார்க்கை மாத்தச் சொல்லி யார் வந்தாலும் முதல்ல என்னைக் கூப்பிட்டுக் கேப்பீங்களா மேடம்?" இல்லை என்றால் புதுச்சேரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடிதத்தில் தேதியை மட்டும் ஜூன் என்று மாற்ற வேண்டும்.